மஞ்சள் கோடு

டார்ச்சை அப்படிப் பிடிக்கக் கூடாது. வெளிச்சம் அவன் முழங்கையில் விழுகிறது, நட்டு இருட்டில் கிடக்கிறது.

இதை நான் சொல்லவில்லை. நினைத்தேன். நினைத்துக்கொண்டே வெங்காயம் உரித்தேன். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பக்கத்துச் சந்து முழுக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆனாலும் அந்தச் சந்தில் வெயில் இறங்காது. என் தம்பி ஜெகன் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி நிஷா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் முறுக்கு. கடிக்கும்போதெல்லாம் வெளிச்சம் ஆடியது.

அவள் இந்த வீட்டுக்கு வரும்வரை அந்த இடத்தில் நான்தான் உட்கார்ந்துகொண்டிருந்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தெரிந்தால்தான் மீதி விளங்கும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம், அவர்கள் பேரில் தவறு எதுவும் இல்லை. லாரி, பஸ்ஸுக்கான உதிரி பாகங்களைப் பூட்டி அனுப்பும் இடம். நான் கடைசி மேசை. முன்னால் இருக்கிற பிள்ளைகள் நட்டு முடுக்கி அனுப்புவார்கள். நான் ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனர் வைத்து அசைத்துப் பார்ப்பேன். அசையவில்லை என்றால் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுவேன். கோடு நட்டின் மேல் ஆரம்பித்து அதன் அடியில் இருக்கிற இரும்பில் முடியும். பிறகு நட்டு கொஞ்சம் சுற்றினாலும் கோடு உடைந்து தெரிந்துவிடும். கோடு இருந்தால் அந்த நட்டை அதற்கப்புறம் யாரும் தொடுவதில்லை. மேனேஜர்கூடத் தொடுவதில்லை. கோடு என்றால் ஒருத்தி பார்த்துவிட்டாள் என்று அர்த்தம்.

அந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது ஜெகன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனை வளர்த்தது நான். தியாகம் என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. பட்டாபிராமில் எங்கள் தெருவில் இருக்கிறவர்கள் பயன்படுத்துவார்கள், நான் மறுப்பதில்லை. அவனுக்குக் கையில் ஸ்பேனர் கிடைத்த நாளிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம். சைக்கிளோ, மிக்சியோ, சீலிங் ஃபேனோ, அவன் பூட்டுவான், நான் பார்த்துக் கோடு போடுவேன். கோடு போடாமல் எதுவும் ஓடாது. எங்கள் வீட்டு ஃபேனை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால் மஞ்சள் தெரியும். படித்து முடித்து திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்த பிறகும் அவன் அப்படித்தான் இருந்தான். வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே கூப்பிடுவான். "அக்கா, வந்து பாத்துடு."

அந்தக் குரலை நான் உங்களுக்கு எப்படிச் சொல்வது. ஒரு நாளில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நிஷா நல்ல பெண். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் அவளிடம் ஏதாவது தப்பு தேடுவீர்கள். தப்பு கிடையாது. பூந்தமல்லியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நெமிலிச்சேரிப் பெண், எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். ஜெகனே பார்த்துப் பேசி, என்னிடம் கேட்டு, நான் சரி என்று சொன்ன பிறகு நடந்த கல்யாணம். என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். சம்பளம் வந்தால் எனக்கும் ஒரு சுடிதார் துணி எடுப்பாள், என் அளவு தெரிந்து எடுப்பாள். அவனை ஜெகா என்று கூப்பிடுவாள். அதுவரை அவனை அப்படி நான் ஒருத்திதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. கேட்டுத்தான் கற்றுக்கொண்டாள், என்னிடமிருந்து.

அவள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவாள். ஸ்கூட்டர் பிடிக்காது. ஜெகனுடைய பழைய வண்டியை எடுத்துக்கொண்டு காலையில் போவாள், இருட்டிய பிறகு வருவாள். நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலை நடக்கிறது. அதைத் தாண்டி நசரத்பேட்டையில் திரும்பி, வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் வர வேண்டும். அங்கே பாதி விளக்கு எரியாது. லாரிகளைப் பின்விளக்கு இல்லாமல் ஓரமாக நிறுத்தியிருப்பார்கள். ஒருநாள் வண்டி ஸ்டாண்டிலிருந்து சாய்ந்து முன்பக்க பிளாஸ்டிக் முகப்பு உடைந்துபோனது. ஹெட்லைட் அந்த முகப்பில்தான் உட்கார்ந்திருந்தது. கயிறு போட்டுக் கட்டி இரண்டு நாள் ஓட்டினாள். பிறகு ஜெகன் பூந்தமல்லி மெக்கானிக் துலுக்கானத்திடம் போய், வட்டமான பெரிய ஹெட்லைட் ஒன்றும், அதைத் தாங்குவதற்கு ஒரு ஜோடி பிராக்கெட்டும் வாங்கி வந்தான். அதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

கஷ்டமான வேலை இல்லை. முன் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களிலும் பக்கத்துக்கு ஒரு பிராக்கெட். குழாயைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளாம்ப், உள்ளே குழாய் கீறாமல் இருக்க ரப்பர் பட்டை. பிராக்கெட்டின் கை முன்னால் நீண்டிருக்கும். இரண்டு கைகளுக்கும் நடுவில் ஹெட்லைட்டின் கிண்ணம் உட்காரும். மெக்கானிக்குகள் அதை டூம் என்பார்கள். முதலில் எல்லாவற்றையும் லேசாக மாட்டிவிட்டு, லைட்டை எரியவிட்டு, எதிர்ச் சுவரில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்து, மேலும் கீழும் சாய்த்துச் சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் கடைசியாக முடுக்க வேண்டும்.

ரப்பர் பட்டையை நிஷா சுற்றினாள். சுற்றும்போது அவன் விரல் அவள் விரல் மேல் பட்டது. அவள் எண்ணெய்க் கையால் அவன் மூக்கில் ஒரு கோடு இழுத்தாள். கறுப்புக் கோடு. அவன் துடைக்கவில்லை.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் துணி உலர்த்த வந்தார். வந்தால் சும்மா போக மாட்டார்.

"இன்னாடா ஜெகா, பொண்டாட்டி வண்டிக்கு மூக்குத்தி மாட்டிகினு கீறே?"

"மூக்குத்தி இல்ல வேம்புலிம்மா, கண்ணு. ராத்திரில கண்ணு தெரியணும்ல."

"கண்ணா? ஆமாமா, கட்டிகினவளுக்குக் கண்ணு. வளத்தவளுக்கு?"

"அக்காவுக்கு இன்னாத்துக்கு? அதுக்குத்தான் முதுகுல ரெண்டு கண்ணு கீதே."

மூன்று பேரும் சிரித்தார்கள். வேம்புலியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி, "கேட்டியா தாட்சா, உன் தம்பி பேச்ச?" என்றார். நானும் சிரித்தேன். சிரிப்பு வராத இடத்தில் சிரிக்க எனக்குத் தெரியும். தாட்சாயிணிக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது என்று தெருவில் சொல்வார்கள்.

வெளிச்சம் மங்கியதும் லைட்டை எரியவிட்டு மதில் சுவரில் பார்த்தார்கள். நிஷா வண்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "இன்னும் கொஞ்சம் கீழ, ஜெகா. சர்வீஸ் ரோட்டுல அந்தப் பாலம் தாண்டினதும் ஒரு எடம் வரும் பாரு, ஒண்ணுமே தெரியாது. அங்க மட்டும் பழக்கத்துலதான் ஓட்டறேன்" என்றாள். அவன் சாய்த்தான், பார்த்தான், முடுக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினான். நான் கையைத் துடைத்துக்கொண்டேன். பேனாவையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் வந்து நின்றேன். வழக்கம் அதுதானே.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். அவர்கள் நெமிலிச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. அவள் அம்மா கறி செய்து கூப்பிட்டிருந்தார்.

"மார்க்கெல்லாம் வேணாம்க்கா. அதான் டைட் வெச்சிட்டேன்ல. இது இன்னா உன் கம்பெனியா, மார்க் போட்டு லாரில ஏத்த?"

நிஷா அவன் தோளில் தட்டினாள். "பாவம், விடு ஜெகா. அண்ணி ஆசைப்படறாங்க. போட்டுட்டுப் போகட்டுமே."

"லேட்டாய்டும் நிஷா. வண்டில பெட்ரோல் கம்மி, அப்புறம் ஷேர் ஆட்டோவும் கெடைக்காது. வா வா."

அவர்கள் கை கழுவிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். தெருமுனை வரைக்கும் அவள் அவனுடைய மூக்கைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டு போனாள்.

நான் படியிலேயே நின்றிருந்தேன். கோபம் வரவில்லை. நான் கோபக்காரி இல்லை. அவன் வேண்டாம் என்றதுகூடப் பெரிதில்லை. ஆண்பிள்ளை, பெண்டாட்டி எதிரில் அப்படித்தான் பேசுவான். அவள் எனக்காகப் பேசியதைத்தான் நான் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆசைப்படறாங்க. குழந்தை பலூன் கேட்டால் வாங்கிக் கொடுத்துவிடு என்று சொல்கிற மாதிரி. என் இடத்தை எனக்கு அவள் சிபாரிசு செய்தாள்.

பிறகு சந்துக்குப் போய் வண்டியைப் பார்த்தேன். இரண்டு கிளாம்ப், டூமைப் பிடிக்கிற இரண்டு நட்டு. ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். பார்க்காமல் விட எனக்கு வராது. வேலை நன்றாகவே இருந்தது. பிறகு கோடு போட்டேன். நான்கு இடத்திலும் நேரான, சுத்தமான கோடு. கை கழுவி, மீந்த சாதத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் ஜெகன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முன்னாலேயே போய்விட்டான். அவன் சந்துப் பக்கம் வரவில்லை. நிஷா வண்டியை வெளியே தள்ளும்போது நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, நீங்களே பாத்து மார்க் போட்டுட்டீங்களா?" அவள் முகம் மலர்ந்தது. குனிந்து விரலால் கோட்டைத் தொட்டாள். "நைட்டு அவர்கிட்ட சண்டை போட்டேன், தெரியுமா? அண்ணி மூஞ்சி வாடிப்போச்சு, நீ ஏன் அப்படிப் பேசினேன்னு. இப்பதான் எனக்கு நிம்மதி."

"பாத்துப் போ" என்றேன்.

"ஏறுங்க அண்ணி, ஸ்டேஷன்ல எறக்கி விட்டுடறேன்."

"வேணாம்மா. நான் நடந்துக்கறேன்."

அன்று நான் ஸ்டேஷனுக்கு நடந்து போனேன். நடப்பது உடம்புக்கு நல்லது.

மாலையில் மழை தூறியது. நான் வீட்டுக்கு வந்து விளக்கேற்றி முடித்த நேரத்தில் போன் வந்தது. வெளிவட்டச் சாலை சர்வீஸ் ரோட்டில், பாலம் தாண்டி, அவள் சொன்ன அதே இருட்டில் விழுந்திருக்கிறாள். டூம் கழன்று வயரில் தொங்கியிருக்கிறது. முதலில் வெளிச்சம் போனது. பிறகு அந்தக் கிண்ணம் ஃபோர்க்குக்கும் டாங்க்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாமல் செய்துவிட்டது. ஓரத்தில் போட்டிருந்த கான்கிரீட் கட்டையில் மோதினாள். இடுப்பு எலும்பும் வலது தொடையும் உடைந்துவிட்டன. ஹெல்மெட் போட்டிருந்தும் தலையில் அடி. மூன்று நாள் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் முதல் ஆளாக ரத்தம் கொடுத்தது நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பொருத்தமான ரத்தம், கொடுத்தேன்.

வேறு வண்டி எதுவும் இடிக்காததால் போலீஸில் எழுதி வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். ஜெகன் ஆஸ்பத்திரியில் இருந்தான். துலுக்கானம் ஒரு குட்டி யானை வேனில் வண்டியை ஏற்றிவந்து சந்தில் இறக்கிவிட்டுச் சொன்னார்:

"தப்பா நெனைக்காத தாட்சாயிணி. டூம் நட்டு ரெண்டுமே கழண்டு எங்கயோ வுழுந்துட்டுக்கீது. கிளாம்ப் ரெண்டும் லூசாத்தான் கீது. பையன் லைட்டு லெவல் பாத்துட்டு, கடைசி டைட் வெக்காம வுட்டுட்டாப்ல போல. எங்கிட்டயே எடுத்துகினு வந்திருந்தா அஞ்சு நிமிசம்."

"அவன்கிட்ட சொல்லாதீங்கண்ணே" என்றேன்.

"சொல்லிட்டேனேம்மா. போன்ல கேட்டான், சொல்லிட்டேன்."

அவர் போன பிறகு வண்டியைப் பார்த்தேன். முழுக்கச் சேறு. சேற்றைத் துடைத்தால் அடியில் என் கோடுகள் இருந்தன. கிளாம்ப்களின் மேல் இருந்தவை உடைந்து, ஒரு பாதி ஒரு பக்கமும் இன்னொரு பாதி வேறு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன. நட்டு போன இடத்தில் பிராக்கெட்டின் மேல் பாதிக் கோடு மட்டும் நின்றது. நிஷாவின் அலமாரியில் நகப்பூச்சு அழிக்கிற திரவம் ஒரு சின்ன பாட்டிலில் இருந்தது. பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். சுத்தமாகப் போய்விட்டது. அப்புறம் அதே சேற்றை எடுத்துப் பூசிவிட்டேன்.

பயந்துபோய் அழித்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். போலீஸ் வரும் என்ற பயம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. கம்பெனிக்கு வெளியே அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தி நினைவில்லாமல் கிடந்தாள். இன்னொருத்தனுக்காகத்தான் அழித்தேன்.

அன்று ஜெகன் வீட்டுக்கு வந்து நேராகச் சந்துக்குப் போனான். வெகுநேரம் வண்டியின் முன்னால் உட்கார்ந்து விரலால் சேற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு உள்ளே வந்தான். முகம் காகிதம் மாதிரி இருந்தது.

"அக்கா. நாங்க போனதுக்கப்புறம் நீ செக் பண்ணி மார்க் போட்டியா?"

நான் அவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். "நீதான வேணாம்ன" என்றேன்.

பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது. அவன் வேண்டாம் என்றது உண்மை. அவன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். "நான்தான் வேணாம்னேன். நீ ஸ்பேனரக் கையில வெச்சிகினு நின்ன. நான்தான் வேணாம்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சின்னப் பிள்ளையில் ஜுரம் வந்தால் உளறுவானே, அதே மாதிரி. அன்று வெகு நாட்களுக்குப் பிறகு அவன் என் மடியில் தலை வைத்துப் படுத்தான்.

நினைவு தெளிந்த பிறகு நிஷா அவனிடம் சொல்லியிருக்கிறாள். மார்க் இருந்தது, காலையில் நான் கையால் தொட்டேன் என்று. அவன் என்னிடம் வந்து கேட்டான். பாவம், தலையில் அடி என்று மட்டும் சொன்னேன். டாக்டரும் முன்னாலேயே சொல்லியிருந்தார், முன்னே பின்னே நடந்ததைக் கலந்து பேசுவாள், மறுத்துப் பேசாதீர்கள் என்று. ஆகவே அவள் சொல்வதைக் குழப்பம் என்றோ ஆறுதல் என்றோதான் அவன் எடுத்துக்கொண்டான். அவள் எவ்வளவு அழுத்திச் சொன்னாளோ, அவ்வளவு தலை குனிந்தான்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். நிஷா நெமிலிச்சேரியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். வாக்கர் பிடித்து நடக்கிறாள். பழையபடி நடக்க முடியுமா என்பது இன்னொரு ஆபரேஷனுக்குப் பிறகுதான் தெரியும். ஜெகன் வேலைக்குப் போவதில்லை. முதலில் லீவு போட்டான். பிறகு இனி ஸ்பேனரைத் தொட மாட்டேன் என்று வேலையையே விட்டுவிட்டான். வாரத்தில் ஒரு நாள் அவளைப் பார்க்கப் போகிறான். வாசல் பக்கமாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுகிறான். அவளை விட்டுவிடப் போவதாகச் சொல்கிறான். என் கையால உடைச்சவளோட நான் எப்படிக்கா குடும்பம் நடத்துவேன் என்கிறான். அவசரப்படாதே என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டில் அவன் இப்போது எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிடுகிறான். காஸ் அடுப்பை அணைத்துவிட்டு, "அக்கா, வந்து பாத்துடு." கதவைத் தாழ் போட்டுவிட்டு, "அக்கா, வந்து பாத்துடு." குழாயை மூடினால், ஸ்விட்சை அணைத்தால், செருப்பு வாரைப் பூட்டினால்கூட. நான் போய்ப் பார்க்கிறேன். சலிப்பில்லாமல் போகிறேன். சரியா இருக்கு ஜெகா என்கிறேன். அவன் முகத்தில் கொஞ்ச நேரத்துக்கு ஒரு அமைதி வரும். அதைப் பார்த்துவிட்டு வேம்புலியம்மாள்கூடச் சொன்னார், "புள்ள இப்டி ஒடிஞ்சிப் பூட்டானே தாட்சா, யார்னா டாக்டர்கிட்ட காட்டேன்." எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொறுப்பு வந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான் வண்டியைச் சரிபார்த்ததைச் சொன்னேன் அல்லவா, அதில் நடுவில் ஒரு பகுதியைச் சொல்லவில்லை.

நான்கும் இறுக்கமாக இருந்தன. நான் இத்தனை வருஷத்தில் பார்த்த வேலைகளில் அவ்வளவு நன்றாக முடுக்கியதை அதிகம் பார்த்ததில்லை. வழக்கமாக அவன் வேலையில் ஏதாவது ஒன்று எனக்காக மிச்சம் இருக்கும். ஒரு கால் சுற்று, அரைக்கால் சுற்று. நான் ஸ்பேனர் வைத்து அந்த மிச்சத்தை முடுக்குவேன், அவன் சிரிப்பான். அன்று மிச்சம் எதுவும் இல்லை. அவளுக்காகச் செய்தபோது அவனுக்கு நான் தேவைப்படவில்லை. இரண்டாவது முறையும் எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்தேன், எங்கேயாவது கொஞ்சம் இடம் இருக்கிறதா என்று. இல்லை.

ஆகவே தளர்த்தினேன். நான்கையும். விரலால் திருப்பினால் சுற்றுகிற அளவுக்குத் தளர்த்திவிட்டு, அப்புறம் கோடு போட்டேன். கோடு இல்லையென்றால் அவள் ஒருவேளை தொட்டு அசைத்துப் பார்த்திருப்பாள். கோடு இருந்தால் யாரும் தொட மாட்டார்கள்.

லைட் ஆடினால் பயந்துபோய் வண்டியை விட்டுவிடுவாள், அவ்வளவுதான் நினைத்தேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. எந்த இடத்தில் ஒன்றுமே தெரியாது என்பதை அவள் வண்டி மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். நான் ஜன்னலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காலையில் அவள் கூப்பிட்டபோது நான் பின்னால் ஏறவும் இல்லை. அவள் வீட்டுக்குத் திரும்பி வராமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் விவரமாக நினைக்கவில்லை.

போன வாரம் நான் நெமிலிச்சேரிக்குப் போயிருந்தேன். வாரம் ஒரு முறை குழம்பு எடுத்துக்கொண்டு போவேன். அவள் அம்மா காய் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நிஷா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்துவிட்டாள். நான் தூக்குச்சட்டியைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தபோது என் பெயரைச் சொல்லாமல், அண்ணி என்றும் சொல்லாமல் பேசத் தொடங்கினாள்.

"படுத்துகினே கெடந்தா யோசிக்கறதத் தவிர வேற இன்னா வேலை. மார்க் இருந்துச்சு. என் தலைல அடிபட்டது சாயந்தரம். மார்க்கைத் தொட்டது காலைல. அது எனக்கு நல்லாவே ஞாபகம் கீது."

நான் கிண்ணத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"உங்க மார்க் இருந்தா நட்டு டைட்டா இருக்கணும். டைட்டா இல்லன்னா, தெரிஞ்சேதான் போட்டிருக்கணும். நீங்க தெரியாம போடற ஆளு இல்ல."

இதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு மரியாதை இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. இல்லை என்று நான் சொல்லவில்லை. கிண்ணத்தை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"ஏன்னு நான் கேக்கல" என்றாள். "கேட்டு இன்னா ஆவப்போவுது. போலீசுக்குப் போவமாட்டேன். எங்கம்மாகிட்டகூட சொல்லல. என் காலு எப்படி ஆனாலும் அது என்னோட போகட்டும். ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அவர்கிட்ட சொல்லுங்க, அது அவர் கை இல்லன்னு. நான் சொன்னா நம்பமாட்டேன்றார். நீங்க சொன்னாதான் நம்புவார்."

நான் தூக்குச்சட்டியை மூடினேன்.

"முந்தாநாள் வந்தார். இந்தக் கட்டில் காலு ஆடுதுன்னு எங்கம்மா சும்மா சொல்லிட்டாங்க. கீழ உக்காந்து அந்த நட்டத் தொட்டுப் பாத்தார். முடுக்க முடியல. ஸ்பேனர வெக்கறார், எடுக்கறார். ஃபிட்டருங்க அவர். கட்டிலக் கட்டிப் பிடிச்சிகினு அழறார், என் காலத் தொடக்கூட பயம்." அவள் அழவில்லை. "நீங்க தளத்தினேன்னுகூட சொல்ல வேணாம். சரியாப் பாக்காம மார்க் போட்டுட்டேன், மறந்துட்டேன்னு சொல்லுங்க. அது போதும். அவர் உங்கள மன்னிச்சிடுவார். உங்க கூடவே இருக்கட்டும், நான் கேக்கல. மனுசனா இருக்கட்டும்."

வெளியே ஒரு ரயில் போனது. அவள் கேட்டது பெரிய விஷயம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவள் தனக்காக எதுவும் கேட்கவில்லை என்பதும் தெரிந்தது. அவனை அவள் எவ்வளவு நேசிக்கிறாள் என்று அளந்து பார்த்தேன். என் அளவுக்கு வரவில்லை என்றுதான் பட்டது. நேசிக்கிறவள் அவனை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பாளா?

"அவன் தாங்கமாட்டான் நிஷா" என்றேன். "அவனுக்குன்னு இருக்கறது நான் ஒருத்திதான். என்னைப் பத்தி அப்படித் தெரிஞ்சா ஒடிஞ்சிபோயிடுவான்."

"இப்ப மட்டும் ஒடியாம கீறாரா?"

நான் எழுந்து அவள் தலையணையைச் சரிசெய்து வைத்தேன். குழம்பு ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ரத்தக் குழாய் தேடிப் பழகிய விரல்கள். பலமாக இல்லை, ஆனால் சரியான இடத்தில் பிடித்திருந்தாள்.

"சொல்லுவீங்களா?"

அந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் எடுத்துவிட்டேன்.

"மாட்டேம்மா" என்றேன். "இப்பதான் அவன் மறுபடியும் என்னைக் கூப்பிட ஆரம்பிச்சிருக்கான்."